அப்பன் மீனும் ஒரு வாய்த் தண்ணீரும்

"அப்பன்காரன் பிள்ளைகளைத் தின்கிறான்!"

மூச்சு வாங்க மாடி ஏறி வந்த மாசிலாமணி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னார்.

கொளத்தூரில் வண்ண மீன் வளர்த்து விற்கும் ஜெசிந்தா, தன் மொட்டை மாடியில் மீன்களுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். வரிசை வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள். பாட்டிலுக்கு ஒரு ஃபைட்டர் மீன். ஒன்றை ஒன்று பார்த்தால் நாள் முழுக்க முறைத்தே களைத்துப் போகும் என்பதால், நடுவில் அட்டை மறைப்பு.

"எந்த அப்பன்? எதிர்வீட்டுக்காரரா?"

"மீனும்மா!"

"தின்னதைப் பார்த்தீங்களா?"

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன். குஞ்சைக் கவ்வி வாய்க்குள்ள போட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? வலையைப் போட்டுத் தூக்கினேன். நீக்கம்."

"குஞ்சுங்க?"

மாசிலாமணி கைப்பிடிச் சுவரைப் பார்த்தார்.

"எல்லாமே போச்சு. அடியில விழுந்து கிடந்துச்சுங்க."

"போன தடவையும் இதேதானே?"

"போன தடவையும் அவன் தின்னானே!"

நாற்பது வருஷம் ஆலை வாசலில் முழங்கிய குரல் அது. பள்ளிக்கூடம் அவரைப் பாதியில் விட்டுவிட்டது; துண்டறிக்கைகள் விடவில்லை. எட்டுப் பக்கத்துக்கு மேல் எந்த அறிக்கையும் உண்மை பேசாது என்பது அவர் வாதம். மூன்று சங்கம் கட்டினார். மூன்றும் உடைந்தன. கடைசியில் மிஞ்சியது அவரும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும்தான். மற்றவர்கள் எல்லாம் விலை போனவர்கள். கேட்டுப் பாருங்கள், பெயர் பெயராகச் சொல்வார்.

அவருக்கு ஃபைட்டர் மீனைப் பார்த்த அன்றே பிடித்துப் போயிற்று.

"ஒரு கை அகல பாட்டில்ல அடைச்சு வெச்சாலும் முறைச்சுக்கிட்டு நிக்குது பாரு. இதுதாம்மா ஜீவன்!"

வரும் மே தினத்துக்குப் படிப்பகத்து மேஜைகளில் தன் கையால் வளர்த்த சிவப்பு ஃபைட்டர் மீன்களை வைப்பேன் என்று அறிவித்துவிட்டார். அறிவித்ததை வாபஸ் வாங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. படிப்பகத்தில் கேரம் ஆடுகிறவர்கள் சிரித்தார்கள்.

"சங்கம்தான் கலைஞ்சுது, மாசிலாமணி. மீனையாவது சேர்த்து வை."

அந்தச் சிரிப்பு அவருக்குள் இன்னும் இறங்கவில்லை. ஒரே ஒரு குடும்பம். ஒன்றாவது கலையாமல் நிற்கட்டும். அதற்காகத்தான் இந்த மாடிப்படி.

முதல் தடவை அவர் செய்ததை ஜெசிந்தா இன்னும் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிக்கிறாள். துடுப்பு குட்டையாக இருந்ததால் பெண் என்று நினைத்து, ஓர் ஆண் மீனை இன்னோர் ஆண் மீனோடு தொட்டியில் விட்டு, வெளியே நின்று வாழ்த்துரை வழங்கியிருக்கிறார். பேச்சு முடிவதற்குள் மாப்பிள்ளைகள் இருவருக்கும் வால் இல்லை.

"வயித்துல வெள்ளைப் புள்ளி இருந்துச்சேம்மா! பொண்ணுன்னா புள்ளி இருக்கும்னு நீதானே சொன்னே?"

"இளசா இருக்கிற ஆணுக்கும் சில சமயம் இருக்கும் தலைவரே. புள்ளியை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கண்ணாடியைக் காட்டுங்க. செவுளுக்குக் கீழ தாடி மாதிரி பெருசா விரிஞ்சா அவன் ஆண். பொண்ணுக்கு அது பேருக்குத்தான் இருக்கும்."

தாடி விஷயம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு வாரம் போவோர் வருவோருக்கெல்லாம் கண்ணாடி காட்டினார்.

இப்போது சிரிப்பு இல்லை. ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தாள். அவருக்கும் ஒரு வாளியைத் தள்ளினாள்.

"தின்னவே மாட்டான்னு சொல்ல மாட்டேன். கெட்டுப்போன முட்டையைத் தின்பான். நாம தொட்டிக்கிட்டயே நின்னு தொல்லை பண்ணினா நல்லதையும் தின்பான்."

"பார்த்தியா! நீயே ஒத்துக்கறே."

"நீங்க பார்த்தது அதுவான்னு கேட்கிறேன்."

"ஏம்மா, துரோகியைக் கண்டுபிடிக்க எனக்குப் பாடம் வேணுமா? கோவர்த்தனன்னு ஒருத்தன் இருந்தான். என்னோட ஒரே தட்டுல சாப்பிட்டவன். ஸ்டிரைக் நடக்குது, இவன் மேனேஜர் ரூம்ல உட்கார்ந்து டீ குடிக்கிறான். ஜன்னல் வழியா பார்த்தேன். சாயங்காலமே நீக்கிட்டோம்."

"எதுக்கு உள்ள போனாராம்?"

"எதுக்குப் போனா என்ன? குடிச்சானே!"

"கேட்கலையா?"

"கண்ணால பார்த்ததைக் கேட்கணுமா?"

"இப்ப எங்க இருக்காரு?"

"பெரம்பூர்லதான். ஃபேனுக்கு காயில் கட்டறான். அவனை எதுக்கு இங்க இழுக்கறே? மீனைச் சொல்லு."

ஜெசிந்தா மீனைச் சொல்லவில்லை. கையை நீட்டினாள்.

"வலையைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சுவரில் அடித்த ஆணியில் அதை மாட்டினாள்.

"பறிமுதலா?"

"ஆமா. இன்னொரு ஜோடி தர்றேன். போய் விடுங்க. முட்டை பொரிச்சதும் கூப்பிடுங்க. அதுவரைக்கும் யாரையும் நீக்காதீங்க."

அவருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் ஜோடியை வாங்கிக்கொண்டார்.

ஆண் ரத்தச் சிவப்பு. தொட்டியில் விட்ட மறுநாளே, மிதந்த காய்ந்த பாதாம் இலைக்கு அடியில் நுரைக்கூடு கட்டத் தொடங்கிவிட்டான். மேலே வந்து காற்றை விழுங்குவான், கீழே போய்க் குமிழியாகத் துப்புவான். பெண்ணை அடியில்லாத பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் நிறுத்தி, தொட்டியின் நடுவில் வைத்தார் மாசிலாமணி. பார்க்கலாம், தொட முடியாது. அவள் உடம்பில் தலையிலிருந்து வால்வரை ஓடியது பயக் கோடு. அது மறைந்து, முதுகிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் சம்மதப் பட்டைகள் வந்தபோதுதான் பாட்டிலைத் தூக்கினார்.

பிறகு நடந்ததைப் பார்த்து அறுபத்தெட்டு வயதுக்காரர் வெட்கப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தபோது ரவை போல முட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அப்பன் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூட்டில் ஒட்டினான். எல்லாம் முடிந்ததும், வலை இல்லாததால், பெண்ணை டம்ளரால் மொண்டு வேறு பாட்டிலில் விட்டார். அது நீக்கம் அல்ல, பிரசவ விடுப்பு என்று அவளிடம் சொன்னார்.

குஞ்சு பொரித்த காலையில் ஜெசிந்தாவுக்கு போன் போயிற்று.

"வந்துடும்மா. கை துறுதுறுங்குது."

அவள் வந்தாள். தொட்டியைப் பார்க்கவில்லை.

"ஒரு சொம்பு தண்ணி குடுங்க தலைவரே."

கொண்டு வந்தார். சொம்பை அவரிடமே திருப்பித் தள்ளினாள்.

"எனக்கில்லை. ஒரு வாய் ஊத்திக்கோங்க. முழுங்கக் கூடாது. துப்பக் கூடாது."

"என்னம்மா இது? எனக்கே வாய்ப்பூட்டா? மூணு முதலாளி முயற்சி பண்ணிப் பார்த்தானுங்க!"

"அவன் தின்கிறானா இல்லையான்னு தெரியணுமா, வேண்டாமா?"

அவர் அவளை முறைத்தார். தாடி இருந்திருந்தால் விரிந்திருக்கும்.

பிறகு வாய் நிறைய ஊற்றிக்கொண்டார்.

நாற்காலியைத் தொட்டியிலிருந்து தள்ளிப் போட்டு உட்கார வைத்தாள். வீடு அமைதியாயிற்று. அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அண்டை அயலார் கேட்டதே இல்லை.

நுரைக்கு அடியில் குஞ்சுகள் வால் கீழே தொங்க ஒட்டியிருந்தன. கறுப்பு நூலை நறுக்கிப் போட்டது போல.

ஒன்று பிடி நழுவியது. சுழன்று சுழன்று அடிக்குப் போயிற்று.

அப்பன் பாய்ந்தான். கவ்வினான். வாய் மூடிக்கொண்டது.

மாசிலாமணியின் கை வலையைத் தேடியது. வலை இல்லை. டம்ளரைத் தேடியது. ஜெசிந்தா டம்ளரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

துரோகி! என்று கத்த வாயைத் திறக்கப் போனார். திறந்தால் தண்ணீர் கொட்டிவிடும். கன்னம் உப்ப, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு இருந்தார்.

இன்னொரு குஞ்சு விழுந்தது. அப்பன் அதையும் கவ்வினான். முதலாவது இன்னும் வாய்க்குள்தான் இருந்தது.

அவன் தாடை உப்பியிருந்தது.

அவன் விழுங்கவில்லை. துப்பவும் இல்லை. அப்படியே, மெதுவாக, மேலே போனான்.

மாசிலாமணி நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார்.

அப்பன் நுரைக்கு அடியில் நின்றான். ஊதினான். ஒரு குமிழி, அதோடு ஒரு குஞ்சு. இன்னொரு குமிழி, இன்னொரு குஞ்சு. இரண்டும் ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டின.

மூன்றாவது விழுந்தது. அப்பன் சலிக்காமல் திரும்பி இறங்கினான்.

மாசிலாமணியின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். அடக்கப் பார்த்தார். சிரிப்பு எந்த முதலாளிக்கும் அடங்கியதில்லை. வாயிலிருந்த மொத்தத் தண்ணீரும் ஜெசிந்தாவின் முகத்தில் போய் விழுந்தது.

"எடுத்தவன் வெச்சுட்டாம்மா! எடுத்தவன் வெச்சுட்டான்!"

கண்ணில் நீர் வரச் சிரித்தார். தொடையில் தட்டிச் சிரித்தார். தெருவில் போன கீரைக்காரி நின்று பார்த்துவிட்டு, காரணம் தெரியாமல் தானும் சிரித்துக்கொண்டே போனாள்.

ஜெசிந்தா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

"துப்பக் கூடாதுன்னு சொன்னேன்."

"எத்தனை தடவைம்மா எடுப்பான்?"

"விழ விழ எடுப்பான். தானா நீந்துற வரைக்கும். அவன் இல்லைன்னா அதுங்க அடியிலேயே கிடந்து செத்துடும். நீந்த ஆரம்பிச்சதும் அவனைத் தனியா எடுத்துடணும். நாளன்னிக்கு வந்து எடுத்துத் தர்றேன்."

மாசிலாமணி சிரிப்பை நிறுத்தியிருந்தார். ஆனால் முகத்திலிருந்து அது போகவில்லை. கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

"நாளன்னிக்குச் சாயங்காலமா வாம்மா. இன்னொருத்தனும் இருப்பான்."

"யாரு?"

அவர் பெரம்பூருக்குக் கிளம்பச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருந்தார்.

"வரும்போது பால் பாக்கெட் ஒண்ணு வாங்கிட்டு வந்துடு. அவனுக்கு டீ பிடிக்கும்."