ஷெட்டுக்குள் ஒரு தொட்டில்

எங்கள் தெரு மாசிலாமணி ஐயா அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகாரம் மட்டும் ஓயவே இல்லை. கார் ஷெட்டுக்குப் பூட்டு போட்டார், திருடன் உடைத்தான். கேமரா மாட்டினார், கேமராவையே கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

கோபமெல்லாம் வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருந்த வசந்தாமணி மேல் பாய்ந்தது.

"நீ நிக்கறதாலதான் கண்டவனும் வர்றான். நாளைக்கே வண்டிய எடு."

"கைக்குழந்தைய வச்சுக்கிட்டு எங்கய்யா போவேன்?"

"அப்ப பூட்டும் கேமராவும் இல்லாம என் ஷெட்டைக் காப்பாத்திக் காட்டு. இங்கேயே இரு."

வசந்தாமணி ஷெட்டுக்குள் புடவையில் தொட்டில் கட்டி மகளைப் படுக்க வைத்தாள்.

"ராத்திரியும் இங்கயே படுத்துக்கறோம்யா. எறும்பு நடந்தாலும் இவ முழிச்சிடுவா. முழிச்சா தெருவையே எழுப்பிடுவா."

"இதெல்லாம் ஒரு காவலா?" என்று சிரித்தார் ஐயா.

அவளைத் தோற்கடிக்க அன்று மத்தியானமே செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில் தானே உள்ளே நுழைந்தார். குழந்தை வீறிட்டது பாருங்கள்! துடைப்பமும் கரண்டியுமாகத் தெருவே ஓடி வந்தது. உள்ளே ஐயா வேர்த்து விறுவிறுத்துத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டிய எடுக்கணுமாய்யா?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"ஷ்ஷ்! மெதுவாப் பேசும்மா. இப்பத்தான் கண்ணசர்றா."