தூக்குச்சட்டியில் மிச்சம் இரண்டு இட்லி

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினாறு வருசம் வைத்தியம் பார்த்துவிட்டு, நாற்பத்தாறு வயசில் மயக்க மருந்து கொடுக்கப் படிக்க வந்தார் டாக்டர் அரங்கநாயகம். வாய்த்த குருவோ அவரைவிடப் பத்து வயசு இளையவர், ரெஜினா மேடம். அதில் அவருக்குக் கொஞ்சம் கூச்சம். அந்தக் கூச்சத்தை மறைக்க எப்போதும் விறைப்பாகவே இருப்பார்.

அன்றைக்கு இசக்கியம்மாளுக்கு அறுவை செய்து பிள்ளை எடுக்க வேண்டும். ரத்தக் கொதிப்பு ஏறிக் கிடந்தது. ரத்தம் உறையும் சக்தியும் குறைவு. அதனால் முதுகில் ஊசி போட வழியில்லை, முழு மயக்கம்தான். வயிற்றில் தின்றது இருந்து, மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால், தாய் பிழைப்பதே சந்தேகம்.

அரங்கநாயகம் விரலை நீட்டி மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படவில்லை என்றாள் இசக்கியம்மாள். மாமியார் மூக்கம்மாள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறை. அவரும் நம்பி, வெறும் வயிறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ரெஜினா வந்தார். தாளைப் பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பசி காதை அடைக்கிறது என்று மூக்கம்மாளிடம் அலுத்துக்கொண்டார்.

மூக்கம்மாளுக்கு மனசு தாங்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து தூக்குச்சட்டியை இழுத்தாள்.

"ரெண்டு இட்லி கெடக்கு, தாயி. ஆறு கொண்டாந்தேன். இவ நாலோட போதும்னுட்டா."

"எப்ப சாப்பிட்டா?"

"இந்தா, இப்பத்தான். கத்தி வைக்கப் போறாங்கல்ல, தெம்பு வேண்டாமா?"

அரங்கநாயகம் தாளை எடுத்து, வெறும் வயிறு என்று எழுதியதை அடித்தார். ரெஜினா ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டு, நல்லா மெத்துன்னு இருக்கு என்றார். பிறகு எழுந்து குழந்தையின் துடிப்பைப் பார்த்தார். பிரசவ டாக்டரிடம் பேசினார். மருந்தில் கொதிப்பு கொஞ்சம் அடங்கியிருந்தது. அறுவையைச் சாயங்காலத்துக்குத் தள்ளினார்கள். மூக்கம்மாளைச் சட்டியோடு வராந்தாவில் உட்கார வைத்தார்கள்.

சாயங்காலம் பிள்ளை வீலென்று கத்தியது. தாயும் கண் விழித்தாள். விழித்ததும் பசிக்குது என்றாள்.

கை கழுவும் இடத்தில் அரங்கநாயகம் மெல்லப் பக்கத்தில் போய் நின்றார்.

"மேடம், நான் மூணு தடவை கேட்டேன். எங்கிட்ட மட்டும் ஏன் மறைக்கணும்?"

"முந்தாநாள் இசக்கியம்மா வார்டுல ஒரு பொண்ணு காபி குடிச்சேன்னு உங்ககிட்ட உண்மையைச் சொன்னாளாமே. நீங்க என்ன சொன்னீங்க?"

"அறிவிருக்கான்னு திட்டினேன். அவ நல்லதுக்குத்தானே. அதுவும் அவ ஒருத்தியைத்தான் திட்டினேன், மேடம்."

ரெஜினா குழாயை மூடினார்.

"அந்த வார்டுல முப்பது கட்டில் இருக்கு, சார்."