நீலக்கோழி காட்டிய கூடு

ஒரு பெரிய ஊரிலே, நாலு பக்கமும் அடுக்குமாடி வீடுகள் எழும்பிய பிறகும் தப்பிப் பிழைத்த ஏரி ஒன்று இருந்ததாம். பறவைகளுக்கென்று அதை விட்டுவைத்து, கரையைச் சுற்றி நடைபாதை போட்டிருந்தார்கள். விடிந்தால் சனங்கள் வந்துவிடுவார்கள். சர்க்கரைக்காக நடப்பவர்கள் பாதி, கேமராவோடு பறவை பார்க்க வருபவர்கள் மீதி.

அங்கே ஒரு நீலக்கோழி. நீல உடம்பு, சிவப்பு அலகு, நீளக் கால். ஆள் சத்தம் கேட்டால் மற்றப் பறவைகள் கோரைக்குள் போய்விடும். இது மட்டும் வெளியே வந்து, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டும்.

பக்கத்திலேயே ஒரு முக்குளிப்பான், மிதக்கும் பாசியில் கூடு கட்டி மூன்று முட்டை இட்டிருந்தது. இரை தேட முங்கப் போகும்போதெல்லாம் ஈரப்பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் போகும்.

ஒரு நாள் எதிர்க்கரையில் கூழைக்கடாப் பறவைகள் வந்து இறங்கின. கேமராக்காரர் ஜோயலும், கூட நடக்கும் வசுமதி டீச்சரும் அந்தப் பக்கம் விரைந்தார்கள். நீலக்கோழி கழுத்தைத் திருப்பியது. ஜோயல் நிற்கவில்லை.

"இது தினம் பாக்குற கோழிதானே டீச்சர், வாங்க" என்றார்.

நீலக்கோழிக்கு அது பொறுக்கவில்லை. முக்குளிப்பான் தள்ளிப்போய் முங்கியிருந்த நேரம் பார்த்து, காலால் பாசியை விலக்கிவிட்டது. முட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. ஜோயல் திரும்பி ஓடி வந்தார். டீச்சர் கை நீட்டிக் காட்ட, நடந்துகொண்டிருந்தவர்களும் கூடிவிட்டார்கள். நீலக்கோழி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடுவில் நின்றது.

விளக்குக் கம்பத்தில் ஒரு காக்கை. ஏரி முழுக்க அலைகிற சோலியெல்லாம் அதற்குக் கிடையாது. மனுஷர்கள் எங்கே கை நீட்டுகிறார்கள் என்று பார்த்தால் போதும். கூட்டம் கலைந்ததும் இறங்கி ஒரு முட்டையைத் தூக்கியது. திரும்பி வந்து இன்னொன்று. மூன்றாவதுக்கு வந்தபோது முக்குளிப்பான் கத்திக்கொண்டு பாய்ந்து அதை விரட்டிவிட்டது.

பாசியை யார் எடுத்தது என்று முக்குளிப்பான் கேட்டது. காற்றாக இருக்கும் என்றது நீலக்கோழி.

காக்கை கம்பத்திலிருந்து சிரித்தது. "பொய் சொல்லாதண்ணே. நீ காட்டலேன்னா எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கும் அங்கேயே நில்லு, நான் வந்துடுறேன்."

நீலக்கோழியால் தலை தூக்க முடியவில்லை. முக்குளிப்பான் பக்கம் ஒதுங்கி, "மிச்சத்துக்கு நான் காவல் நிக்கிறேன் அக்கா" என்றது.

முக்குளிப்பான் திட்டவில்லை. மிஞ்சிய ஒற்றை முட்டையைப் பாசியால் மூடிக்கொண்டே சொன்னது: "நீ நிக்கிற இடத்தைத்தான் எல்லாரும் பாப்பாங்க. என் பிள்ளை பிழைக்கணும்னா உன்னை யாரும் பாக்கக் கூடாது."

மறுநாள் நீலக்கோழி கோரைக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது. டீச்சர் முட்டை கண்ட சேதியைச் சொல்லிப் புது ஆட்களையும் அழைத்து வந்திருந்தார். ராத்திரிக் காற்றில் மிதக்கும் பாசியெல்லாம் இடம் மாறியிருந்ததால், கரை முழுக்கத் தேடினார்கள். காக்கையும் கம்பத்தில் தயாராக இருந்தது.

"அந்த நீலக்கோழி நின்னாலாவது இடம் தெரியும்" என்று ஜோயல் அலுத்துக்கொண்டார். "அதையும் காணோமே டீச்சர். என்ன அழகு அது!"

நீலக்கோழிக்குத் தொண்டை வரை குரல் வந்துவிட்டது. ஒரு தடவை கத்தினால் போதும், எல்லோரும் திரும்பிவிடுவார்கள். அது அலகைச் சேற்றில் புதைத்துக்கொண்டது. தன்னை அழகு என்று அவர் சொல்லியும் வெளியே போக முடியாதது, அடி விழுந்த மாதிரி வலித்தது.

ஒவ்வொருவராகப் போனார்கள். டீச்சர் போனார். காக்கையும் சலித்துப் பறந்துவிட்டது. ஜோயல் மட்டும் கேமராவைச் சரியாகக் கூட்டின் மேலேயே திருப்பி நின்றார். நீலக்கோழி மூச்சு விடவில்லை.

"வெறும் அழுகின பாசி" என்று சொல்லிவிட்டு அவரும் நடையைக் கட்டினார்.

நம்மை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காக, அடுத்தவர் மூடி வைத்ததைத் திறந்து காட்டக் கூடாது.