உதிரி மாவு

கொம்பையா அண்ணாச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தபோது, மங்கையம்மா பாஸ்தா மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தென்காசிப் பக்கத்து மலையடிவாரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு மங்கையம்மாதான் குரு. அண்ணாச்சியைவிடப் பத்து வயது இளையவர். அதனால் சீடனை "அண்ணாச்சி" என்பார். சீடன் குருவை "அம்மா" என்பார். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

"கெளம்புதேன் அம்மா. மத்தியான பஸ்ஸுக்கு."

"ஏன்?"

அண்ணாச்சி கோவில்பட்டியில் காலமெல்லாம் பரோட்டா கடை நடத்தியவர். மனைவி போன பிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டு, இனியாவது நிம்மதியாக இருக்கலாம் என்று இங்கே வந்தார். நிம்மதி என்னவோ அவரைக் கண்டாலே ஒதுங்கிப் போனது.

"கண்ண மூடுனா மனசு உதிரி உதிரியாப் போவுது. ஒரு பக்கம் கடை, ஒரு பக்கம் மவன், ஒரு பக்கம் செத்துப்போனவ. பக்கத்துல உள்ளவங்க செல மாதிரி உக்காந்திருக்காங்க. எனக்கு வெக்கமா இருக்கு. வீட்டுல இருந்து மனச ஒண்ணு சேத்துக்கிட்டுப் பெறகு வாரேன். எப்படிச் சேக்கதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

போக அவருக்கு இஷ்டமே இல்லை.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்லா" என்றார் மங்கையம்மா. "எல்லாருக்கும் பாஸ்தா போடணும். பஸ் வர நேரம் கெடக்கு. மாவ மட்டும் பாத்துக் குடுத்துட்டுப் போங்க."

கேட்ட கேள்வி எங்கேயோ, வந்த பதில் எங்கேயோ. அண்ணாச்சிக்கு இது பழகிப்போனதுதான். பையை இறக்கி வைத்தார்.

அந்த மெஷின், லூசியா என்ற இத்தாலிக்காரம்மா இங்கே தங்கியிருந்துவிட்டு ஊருக்குப் போகும்போது கொடுத்தது. வெள்ளையாக இருந்து பழுப்பாகிப்போன பழைய கரண்டு மெஷின். மேலே மாவு கிளறும் டப்பா, அடியில் மாவைத் தள்ளும் திருகு, இரண்டுக்கும் நடுவில் இழுத்துத் திறக்கும் அடைப்பு, முன்னால் முறுக்கு அச்சு மாதிரி ஓட்டை போட்ட வில்லை. ஓடினால் அடுப்படியே அதிரும். லூசியா போய் வருஷக்கணக்காகியும் ஞாயிற்றுக்கிழமைப் பாஸ்தா நிற்கவில்லை.

மங்கையம்மா ரவை மாவைக் கொட்டி, அளந்து வைத்திருந்த தண்ணீரை மூடியில் இருந்த சந்து வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். சுவிட்சைத் தட்டிவிட்டுத் தக்காளி பறிக்கத் தோட்டத்துக்குப் போனார்.

அண்ணாச்சி மூடி வழியாக எட்டிப் பார்த்தார். மாவு பொடிப்பொடியாகப் புரண்டுகொண்டிருந்தது. பரோட்டா மாவைப் பூப்போலப் பிசைந்த கை சும்மா இருக்குமா? ஒரு கை தண்ணீர் விட்டார். இன்னொரு கை விட்டார். பழக்கதோஷத்தில் ஒரு கரண்டி எண்ணெயையும் ஊற்றினார். மாவு திரண்டு பந்தாக உருண்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. பெருமையோடு அடைப்பை இழுத்துத் திருகுக்கு வழி விட்டார்.

மெஷின் உறுமியது. பிறகு முனகியது. பிறகு நின்றேபோனது. அச்சில் ஒரு இழைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"மெஷினக் கெடுத்துட்டேன் அம்மா" என்றார், தக்காளியோடு உள்ளே வந்த குருவிடம். "போற நேரத்துல இதையும் செஞ்சுட்டுப் போறேன் பாருங்க."

மங்கையம்மா மூடியைத் திறந்தார். அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"எண்ணெய் வேறயா!"

இருவரும் கரண்டிக் காம்பால் மாவைச் சுரண்டி எடுத்தார்கள். திருகைச் சுற்றி அது பிசினாக அப்பியிருந்தது.

"இது ராத்திரிக்கு இருக்கட்டும். நல்ல பரோட்டா வரும்."

"ராத்திரி நான் இருக்க மாட்டேனே அம்மா."

மங்கையம்மா புது மாவைக் கொட்டினார். தண்ணீரை அளந்து விட்டார்.

"கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

அண்ணாச்சி நின்றார். இத்தனை நாளில் அவர் ஒழுங்காகச் செய்த தவம் அதுதான். மாவு உதிரியாகவே புரண்டுகொண்டிருந்தது.

"புட்டு மாவுல்லா இது! பிடிச்சா நிக்கும், விட்டா உதிரும். இது எப்படிம்மா இழையா வரும்?"

"அடைப்ப இழுங்க."

இழுத்தார். உதிரி மாவு கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுக்குள் இறங்கியது. மெஷின் கடகடவென்று ஓடியது. அச்சின் ஓட்டைகளில் மஞ்சள் முனைகள் தெரிந்தன. பிறகு இழைகள், ஒன்றோடொன்று ஒட்டாமல், நீளநீளமாக இறங்கின. அண்ணாச்சி இரண்டு கைகளையும் ஏந்தினார். இழைகள் கதகதப்பாக இருந்தன. ஒன்றை லேசாக இழுத்துப் பார்த்தார். அறுபடவில்லை. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கீழே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது.

"அம்மா, இவ்வளவு உதிரியும் எப்பம்மா ஒண்ணு சேந்துச்சு?"

மங்கையம்மா அடுத்த ஈட்டுக்கு மாவு அளந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"உள்ள போன பெறகுதான், அண்ணாச்சி."

பஸ் இன்னொரு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் புறப்பட்டுப் போனது. அண்ணாச்சி கையில் இருந்ததைத் தட்டில் பரப்பிவிட்டு, மறுபடியும் அச்சுக்குக் கீழே கையை ஏந்தினார்.