புல்லைத் தட்டித் தின்ற யானை

யானை பேசுவது காடைக்கும், காடை பேசுவது யானைக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், ஆற்றோரக் காடு ஒன்றில் மலைக்கொழுந்து என்றொரு பெண்யானை இருந்தாள்.

ஒருமுறை அந்தக் காட்டில் இரண்டு வருடம் மழையே இல்லை. யானைகள் மரப்பட்டையை உரித்துத் தின்றன. பிறகு பட்டையும் தீர்ந்துபோனது. மலைக்கொழுந்தின் தங்கை வறண்ட ஆற்றுமணலில் ஒருநாள் படுத்தாள், பிறகு எழுந்திருக்கவேயில்லை.

அதற்கப்புறம் மழை வந்தது. ஆறு ஓடியது. ஆள் மறையும் உயரத்துக்குப் புல் வளர்ந்தது. ஆனால் மலைக்கொழுந்துக்குப் பயம் போகவில்லை. நாளைக்கு இருக்காதோ என்று கண்ணில் பட்டதையெல்லாம் வேரும் மண்ணுமாகப் பிடுங்கி வாயில் திணித்தாள். ஒரு வாய் இறங்குவதற்குள் தும்பிக்கை அடுத்த புல்குத்தைத் தேடும். வயிறு கல்லாகக் கனக்கும், பல் நறநறக்கும். அப்படியும் நிறுத்தமாட்டாள். என்ன தின்றாய் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அந்தப் புல்லுக்குள் பொரியாள் என்ற காடை மூன்று குஞ்சு பொரித்திருந்தாள். ஒருநாள் காலை எறும்புமுட்டை தேடிப் போனவள் திரும்பி வரும்போது, கூடு இருந்த புல்குத்து மலைக்கொழுந்தின் தும்பிக்கையில் தொங்கியது. இரண்டு குஞ்சுகள் கீழே சிதறி ஓடின. மூன்றாவதைக் காணோம்.

பொரியாள் பறந்துபோய் யானையின் புருவத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா! வாயில் போடாதே! என் பிள்ளை அதற்குள் இருக்கிறது!"

மலைக்கொழுந்தின் வாய் ஏற்கெனவே திறந்திருந்தது. தின்பதை ஒருநாளும் பாதியில் நிறுத்தியவள் இல்லை அவள்.

"விட்டால் போய்விடுமே" என்றாள்.

"எங்கே போகும்? சுற்றிப் பாரேன், அக்கா. கரை முழுக்கப் புல்தான். என் பிள்ளை போனால்தான் திரும்பி வராது."

மலைக்கொழுந்து வாயை மூடினாள். கையிலிருந்த புல்லை முதன்முதலாக உற்றுப் பார்த்தாள். ஒரே மண்ணும் வேருமாக இருந்தது, குஞ்சு தெரியவில்லை. உதறினால் எங்கேயாவது தூரமாய் விழுந்துவிடும். அதனால் முன்னங்காலைச் சற்று மடக்கி, அதன்மேல் புல்லை மெல்லத் தட்டினாள். மண் கொட்டியது. இன்னொரு தட்டு. கூழாங்கற்கள் விழுந்தன. மூன்றாவது தட்டில், உருண்டையாக, மண் அப்பிய ஏதோ ஒன்று அவள் பாதத்தின்மேல் வந்து விழுந்தது.

அது அசையவில்லை.

பொரியாள் குதித்து இறங்கி அலகால் மண்ணைக் கிளறினாள். மலைக்கொழுந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கீச்" என்றது குஞ்சு.

யானை விட்ட பெருமூச்சில் சுற்றியிருந்த புல்லெல்லாம் சாய்ந்தது. அவள் கண்ணில் நீர் வழிந்தது. பொரியாள் குஞ்சை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டு அழுவதும் சிரிப்பதுமாக இருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, இன்னும் கையிலேயே வைத்திருக்கிறாயே. பசிக்கவில்லையா?"

மலைக்கொழுந்து யோசித்தாள். அப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"பசிக்கிறது" என்றாள். புல்லை வாயில் வைத்து மெதுவாக மென்றாள். பல்லில் மண் கடிபடவில்லை. தண்டிலிருந்து சாறு ஊறியது.

"அடியே, இது இனிக்கிறதடி!"

அன்று அவள் ஒவ்வொரு பிடியையும் பார்த்து, தட்டி, மென்று தின்றாள். உச்சிவேளையில், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, "போதும்" என்று தோன்றியது. எதிரே புல் அசைந்துகொண்டிருக்க, அதை அப்படியே விட்டுவிட்டு ஆற்றில் இறங்கி நிம்மதியாகத் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டாள்.

அவளைப் பார்த்து மற்ற யானைகளும், அவற்றைப் பார்த்துக் கன்றுகளும் கற்றுக்கொண்டன. பிடுங்கிய புல்லை முன்னங்காலில் தட்டி, மண் உதிர்ந்த பிறகே வாயில் வைக்கும் வழக்கம் யானைக் கூட்டத்துக்கு வந்தது அன்று முதல்தான்.