யாரும் சாப்பிடாத பாட்டில்

“மேடம், இந்த நாத்தம் மனுசனை விட்டுப் போகவே போகாதா?”

ஆவுடையப்பன் வாசலில் நின்றபடியே கேட்டார். கையில் சாப்பாட்டு டப்பா.

பிலோமினா மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எந்த நாத்தம், அண்ணாச்சி?”

“எந்த நாத்தமா! ஊருச் சாக்கடை பூரா வந்து விழுத எடத்துல உக்காந்துக்கிட்டு எந்த நாத்தம்ங்கீங்களே.”

“ஓ, அதுவா.”

ஊருக்குக் கிழக்கே கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையம். அதன் ஓரத்தில் அந்தச் சோதனைக்கூடம். உள்ளே வருகிற தண்ணீரில் எவ்வளவு அழுக்கு, வெளியே போகிற தண்ணீரில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துச் சொல்வதுதான் அங்கே வேலை.

பிலோமினா அதற்குத் தலைமை. வயதில் ஆவுடையப்பனைவிட ரொம்பச் சின்னவள். ஆனால் தொழில் கற்க வந்தவர் அவர்தான். பாதி ஆயுசைக் கேன் தண்ணீர் கம்பெனி ஒன்றில் சோதனை பார்த்துக் கழித்தவர். முதலாளியோடு ஒரு வாய்ச்சண்டை. கோபித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். கோபம் போய்விட்டது. நாற்றம் போகவில்லை.

“சோறு எறங்க மாட்டேங்கு மேடம். வீட்டுக்காரி கோமு எள்ளுத் துவையல் அரைச்சுக் குடுத்து விடுதா. வாய்கிட்டக் கொண்டுபோனா குப்புனு அடிக்கி. அப்படியே காக்காய்க்குப் போட்டுருதேன்.”

“அதான் நம்ம காக்கா எல்லாம் வாத்து மாதிரி நடக்குதா?”

“சிரிக்காதீங்க. பேண்டு இடுப்புல நிக்க மாட்டேங்கு. கயிறு போட்டுக் கெட்டியிருக்கேன்.”

“அக்கா ஒண்ணும் கேக்கலையா?”

“கேக்காம? டப்பா காலியா வருது, ஆளு காத்தா வாறிய, எவளுக்கு ஊட்டுதியன்னு கேக்கா.”

பிலோமினா இப்போது கண்ணை எடுத்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டூலை விட்டு இறங்கி ஒரு சுற்று நடந்து வந்தாள்.

“காக்கான்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். அவ பேரு என்னன்னு கேக்கா.”

சிரித்து முடியட்டும் என்று காத்திருந்தார். பிறகு சொன்னார்.

“பழைய முதலாளி சண்டையை மறந்துட்டாரு. ஒண்ணாந்தேதி வரச் சொல்லுதாரு. நான் போயிருதேன், மேடம். எனக்கு இந்த எடம் ஒத்துக்கிடல.”

“போங்க.”

தடுப்பாள் என்று நினைத்திருந்தார். தடுக்கவில்லை. அது கொஞ்சம் வலித்தது.

“போறதுக்கு முன்னாடி ஒண்ணு,” என்றாள். “மூணு நாள் பாட்டிலை நான் இன்னும் உங்க கையில குடுக்கல. ஒரு தடவை அதைத் தனியா வைச்சுப் பாத்துட்டுப் போங்க. கழுவுறதுலேருந்து கடைசி வரைக்கும் எல்லாம் நீங்கதான். நான் கிட்ட வரமாட்டேன்.”

“அதை வைச்சா நாத்தம் போயிருமா?”

“வைச்சுப் பாருங்க.”

மூன்று நாள் பாட்டில் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சாக்கடைத் தண்ணீரில் கொஞ்சம் எடுக்க வேண்டும். நல்ல தண்ணீரில் கலக்க வேண்டும். குமிழி இல்லாமல் பாட்டிலில் நிரப்பி, மூடி, இருட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கிற காற்று எவ்வளவு என்று வைக்கும்போதும் பார்க்க வேண்டும், மூன்று நாள் கழித்தும் பார்க்க வேண்டும். காற்று எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு அழுக்கு.

ஏன் குறைகிறது என்பதை ஆவுடையப்பன் படித்திருந்தார். பரீட்சைக்குப் படித்த மாதிரி.

கழுவுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கேன் தண்ணீர் கம்பெனியில் அவர் கை பட்ட பாட்டிலில் ஒரு கிருமி தப்பாது என்று பெயர். முதலில் சோப்பு. பிறகு வெந்நீர். கடைசியாகப் பிளீச்சிங் தண்ணீரை ஊற்றி, ஆட்டி, கவிழ்த்து வைத்தார். கலக்குகிற நல்ல தண்ணீர் கேனிலும், இருக்கட்டும் என்று, ரெண்டு மூடி அளவு பிளீச்சிங் ஊற்றினார். அதே பிளீச்சிங் தண்ணீரில் முழங்கை வரைக்கும் கையையும் கழுவிக்கொண்டார். அது அவர் தினமும் செய்வது. இங்கே வந்த நாளிலிருந்து ஒருநாளும் தவறியதில்லை.

பாட்டில்கள் பளபளவென்று நின்றன. பிலோமினா தூரத்தில் நின்று பார்த்தாள்.

“கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி இருக்கு, அண்ணாச்சி.”

“தொழில்னா அப்படி இருக்கணும், மேடம்.”

“சரிதான்,” என்று போய்விட்டாள்.

மூன்று நாள் கழித்து ஆவுடையப்பன் பெட்டியைத் திறந்தார். முதல் பாட்டிலைப் பார்த்தார். வைத்த காற்று அப்படியே இருந்தது. அடுத்ததைப் பார்த்தார். அதுவும் அப்படியே. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் ஓடாத குறையாக வந்தார்.

“மேடம்! காத்து துளி கொறையல!”

“அப்படின்னா?”

“அழுக்கே இல்லைன்னு அர்த்தம். உள்ள வாற சாக்கடையும் ஒண்ணு, பன்னீரும் ஒண்ணு. நம்ம ஊரு ஜனங்க தங்கம், மேடம்! நாமதான் தப்பா நெனைச்சிட்டோம்.”

பிலோமினா குளிர்பெட்டியைத் திறந்தாள். மிச்சம் வைத்திருந்த சாக்கடைத் தண்ணீர் அதில் இருந்தது. ஒரு சுத்தமான கண்ணாடிக் குவளையில் அதை அரைவாசி ஊற்றினாள். சாம்பல் நிறம். மேலே ஏதோ மிதந்தது.

“குடிங்க.”

“மேடம்?”

“பன்னீர்னு சொன்னீங்களே. வெயில் வேற. குடிங்க.”

ஆவுடையப்பன் ரெண்டு எட்டு பின்னால் போனார்.

“வெளையாடாதீங்க, மேடம்.”

“உங்களுக்கு வேண்டாமா? சரி, எனக்குத் தாகமா இருக்கு.”

குவளையைத் தூக்கினாள். வாய்ப் பக்கம் கொண்டுபோனாள். உதட்டுக்கும் குவளைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கும்போது ஆவுடையப்பன் பாய்ந்து தட்டிவிட்டார். தண்ணீர் பூராவும் அவர் சட்டையில் விழுந்தது.

“உங்களுக்கென்ன பைத்தியமா!”

“ஏன் தட்டினீங்க? நீங்க பாத்த ரிசல்ட்தானே? அதை நான் நம்பினேன். நீங்க நம்பலையா?”

சட்டையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

பிலோமினா ஒரு பழைய துண்டை எடுத்து நீட்டினாள். குரலைத் தணித்துக் கேட்டாள்.

“அண்ணாச்சி, அந்தப் பாட்டிலுக்குள்ள என்ன இருந்துச்சு?”

“சாக்கடை.”

“சாப்பாடுன்னு வைச்சுக்கோங்க. வேற?”

“காத்து.”

“சாப்பாடு இருக்கு. மூச்சுவிடக் காத்து இருக்கு. இருட்டா, இதமா எடம் இருக்கு. மூணு நாள். ஒரு வாய் கூட யாரும் சாப்பிடல. ஏன்?”

அவர் யோசித்தார்.

“பசி இல்லையோ என்னவோ.”

“இருக்கும். உங்களுக்கும்தான் சோறு எறங்கலைன்னீங்க. போய்ச் சாப்பிடுங்க. மணியாகுது.”

அவ்வளவுதான். அவள் மறுபடி மைக்ரோஸ்கோப்பில் குனிந்துவிட்டாள்.

ஆவுடையப்பன் பின்பக்கம் போனார். சட்டையை அலசி வெயிலில் காயப்போட்டார். வழக்கம்போலப் பிளீச்சிங் தண்ணீரில் முழங்கை வரைக்கும் கழுவினார். பனியனோடு மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். சுவர் மேல் காக்கைகள் கூடிவிட்டன. ரெண்டு மூன்று இடம்பிடிக்கச் சண்டை போட்டன.

எதிரே ஏரேஷன் தொட்டி. அடியிலிருந்து காற்றை ஊதி ஊதி, பழுப்புத் தண்ணீர் உலையில் வைத்ததுபோலக் கொதித்துக்கொண்டே இருக்கிற தொட்டி. அதற்குள் இருப்பதெல்லாம் கிருமி. ஊர் அழுக்கைத் தின்று தீர்ப்பதற்கென்றே வளர்க்கிற கிருமி. அவர் வேலைக்கு வந்த முதல்நாளே பிலோமினா அதைக் காட்டியிருந்தாள். அவர் அப்போது மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

புளிக்குழம்புச் சோற்றைப் பிசைந்தார். ஒரு கவளம் உருட்டினார். வாயருகே கொண்டுபோனார்.

குப்பென்று அடித்தது.

கை அந்தரத்தில் நின்றது.

கவளத்தை டப்பாவில் போட்டார். குனிந்து சோற்றை மோந்து பார்த்தார். புளி, நல்லெண்ணெய், பெருங்காயம். கோமுவின் கைமணம். ஒரு குறையும் இல்லை.

தொட்டியைப் பார்த்து மூச்சை இழுத்தார். மழை பெய்த வாழைத்தோட்டம் மாதிரி, மண்ணும் மக்கலும் கலந்த ஒரு வாசனை. அவ்வளவுதான்.

கையைக் குழாயில் அலம்பினார். புறங்கையை மூக்கில் வைத்தார்.

காக்கைகள் கத்தின. அவர் எழுந்து ஓடினார். டப்பாவை மூடக்கூட இல்லை.

“மேடம்! மேடம்! நான்தான்!”

“நீங்கதான் என்ன?”

“கொன்னது!”

“யாரை?”

“அவங்களை! பாட்டிலுக்குள்ள அழுக்கைத் திங்க இருந்த கிருமிங்களை! மூடுறதுக்கு முன்னாடியே நான் தீத்துக் கெட்டிட்டேன், மேடம். பிளீச்சிங்கை ஊத்தி. கேன்லயும் ஊத்தினேன். பொறகு எவன் சாப்பிடுவான்? எவன் மூச்சு விடுவான்? பொணம் எங்கயாவது சோறு திங்குமா?”

கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“மோந்து பாருங்க. பிளீச்சிங் நெடி. இத்தனை நாளா இதைத்தான் சாக்கடைன்னு நெனைச்சிருக்கேன்.”

பிலோமினா மோந்து பார்த்தாள். முகம் சுளித்தாள்.

“நாறுது, அண்ணாச்சி.”

“நாறுதுல்லா!” என்றார், பரிசு வாங்கினவர் மாதிரி.

பிறகு அவர் பின்பக்கம் போனபோது டப்பா துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது.

அன்று சாயங்காலமே பாட்டில்களை மறுபடி கழுவினார். சோப்பு. பிறகு வெறும் தண்ணீர், பல தடவை. கழுவி முடித்து ஒவ்வொன்றையும் மூக்கில் வைத்துப் பார்த்தார். எந்த வாசனையும் இல்லாததை மட்டும் எடுத்து வைத்தார். கலக்குகிற தண்ணீரைப் புதிதாகப் பிடித்தார்.

“பிளீச்சிங் பட்ட தண்ணி இதுக்கு ஆகாது,” என்று பிலோமினா பழைய கேனை ஓரமாக நகர்த்தினாள். பிறகு தொட்டித் தண்ணீரிலிருந்து எடுத்துத் தெளிய வைத்திருந்ததை அவர் கையில் கொடுத்தாள். “ஒவ்வொண்ணுலயும் சொட்டு விடுங்க. ஆள் கொறைவா இருந்தா இவங்க கூடச் சேர்ந்துக்கிடட்டும்.”

அவர் விட்டார். பச்சைப்பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி விட்டார்.

அந்த மூன்று நாளும் ஆவுடையப்பன் நிலைகொள்ளவில்லை. இருட்டுப் பெட்டியின் பக்கத்தில் போய் நிற்பார். கதவில் காதை வைப்பார்.

“சத்தமெல்லாம் கேக்காது, அண்ணாச்சி.”

“தெரியும், மேடம். சும்மாதான்.”

நாள் வந்தது. அவர் பெட்டியைத் திறந்தார். பிலோமினா சொன்னபடி கிட்ட வரவில்லை. கதவருகில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்து ஒரு கூச்சல்.

“தின்னுட்டாங்க, மேடம்! நல்லாத் தின்னுட்டாங்க! காத்து பாதிக்குப் பாதி கொறைஞ்சிருக்கு! நம்ம ஊரு சாக்கடை சாக்கடைதான்!”

“ஜனங்க தங்கம்னீங்களே?”

“தங்கம் எங்க இந்த நாத்தம் நாறும்? மனுசங்க, மேடம், மனுசங்க!”

மத்தியானம் அவர் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்தார். சோப்புப் போட்டுக் கை கழுவியிருந்தார். டப்பாவைத் திறந்தார். எள்ளுத் துவையல். கத்தரிக்காய்ப் பொரியல். சுவர் மேல் காக்கைகள் வரிசை கட்டி நின்று, இன்னுமா என்று கேட்டன.

பிலோமினா தன் டப்பாவோடு வந்து தள்ளி உட்கார்ந்தாள்.

“ஒண்ணாந்தேதி என்னாச்சு, அண்ணாச்சி?”

“முதலாளிகிட்டச் சொல்லிட்டேன்.”

“என்னன்னு?”

“இங்கன ஆளுக பசியா இருக்காங்க, விட்டுட்டு வரமுடியாதுன்னு.”

“அவருக்குப் புரிஞ்சுதா?”

“எத்தனை பேருன்னு கேட்டாரு. எண்ணி முடியாதுன்னேன். போனை வைச்சிட்டாரு.”

காக்கைகளுக்குத் தொண்டை கட்டிவிடும்போல் இருந்தது. ஒன்று துணிந்து இறங்கி அவர் காலருகே வந்து நின்றது.

“பாவம், காக்காய்க்கு வைங்க, அண்ணாச்சி. எத்தனை நாள் பழக்கம்!”

ஆவுடையப்பன் முதல் பிடிச் சோற்றை எடுத்தார். எழுந்தார். காக்கையைத் தாண்டி நடந்தார். தொட்டியின் விளிம்பில் நின்று, பொங்குகிற பழுப்பு நுரைக்குள் அதைப் போட்டார். ஒரு சுற்றுச் சுற்றி அது உள்ளே போயிற்று.

திரும்பி வந்து உட்கார்ந்து, அடுத்த பிடியைத் தன் வாயில் வைத்தார்.

“அதுகளை வரிசையில நிக்கச் சொல்லுங்க, மேடம்,” என்றார் மென்றுகொண்டே. “மொதல்ல அவங்க.”