அண்ணாச்சி தூங்கிப் பாத்த போர்வை

ஒரு ஊர்ல ஒரு ஊசி இருந்துச்சு. அந்த ஊசிக்குப் பின்னால மாடத்தி இருந்தா. பழைய சேலைகளை அடுக்கி வச்சு, சர்ர்... சர்ர்னு நூலை இழுத்துத் தச்சுப் போர்வை ஆக்குவா. தையல் எறும்பு வரிசை மாதிரி போகும். ம் கொட்டுலே. ம்... அப்படித்தான்.

அந்த ஊர்ல இன்னும் ரெண்டு பேர் போர்வை தைப்பாங்க. பேச்சி பரவாயில்லாமத் தைப்பா. இசக்கி இப்பத்தான் ஊசி புடிச்சவ. போர்வையோட தன் பாவாடையையும் சேத்துத் தச்சிருவா. அவ எந்திரிச்சா போர்வையும் கூடவே எந்திரிக்கும்.

மூணு பேர்கிட்டயும் வாங்குறது கடைக்கார சுடலைமுத்து அண்ணாச்சி. ரொம்ப நியாயஸ்தர். அதுதான் தொந்தரவே.

"ஓரவஞ்சனையே கெடையாது. எடைக்கு ஏத்த காசு"ன்னாரு. அப்போ இசக்கி போர்வைக்குள்ள சாக்கை வச்சுத் தச்சுட்டா. தொப்புனு தராசுத் தட்டு எறங்குச்சு. அவளுக்குத்தான் அதிகக் காசு. மாடத்தி போர்வை மெல்லிசு, தட்டு அசையவே இல்ல.

"அநியாயம், அண்ணாச்சி"ன்னா மாடத்தி.

"அப்படியா? அப்போ தச்ச நாளுக்குக் கூலி"ன்னாரு. மாடத்தி கை வேகம், சீக்கிரம் முடிச்சுட்டா. இசக்கி தச்சதைப் பிரிச்சு, பிரிச்சதைத் தச்சு, மழைக்காலமே போயிருச்சு. அப்பவும் அவளுக்குத்தான் அதிகம். "பாவம், எவ்வளவு பாடுபட்டிருக்கா"ன்னு அண்ணாச்சி ஒரு வெல்லக்கட்டியும் குடுத்தாரு.

மாடத்திக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. "நல்லாத் தைக்கிறது தப்பாப் போச்சா? வாரம் பொறந்ததும் நான் உப்பளத்து வேலைக்குப் போறேன்"னு ஊசியைக் கடைப் பலகையில குத்திட்டு நடந்துட்டா. தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் அண்ணாச்சி பொண்டாட்டி கோமு கேட்டா: "போர்வை என்ன நிறுத்துப் பாக்கவா இருக்கு? போத்திப் படுத்துப் பாருங்க."

மொத நாள் இசக்கி போர்வை. முடிச்சு முடிச்சா முதுகுல குத்துச்சு. புரண்டாரு. பர்ர்ருனு கிழிஞ்சு கால் வெளிய வந்துருச்சு. அந்தக் கால் கொசுவுக்குப் போச்சு.

ரெண்டாம் நாள் பேச்சி போர்வை. பாதி நேரம் தூங்கினாரு, மீதி நேரம் விட்டத்தைப் பாத்தாரு.

மூணாம் நாள் மாடத்தி போர்வை. கொர்ர்... கொர்ர்... விடிஞ்சும் எந்திரிக்கல. சனமெல்லாம் கடைக்கதவை டம்டம்னு தட்டுது. உப்பளத்துக்குக் கெளம்பின மாடத்தி பதறிப்போய் நின்னுட்டா.

"மதினி, அண்ணாச்சிக்கு உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. எல்லாம் நீ தச்ச போர்வை பண்ணுன வேலை"ன்னா கோமு.

மத்தியானம் அண்ணாச்சி கண்ணைக் கசக்கிக்கிட்டே வந்தாரு. "இனிமே தூக்கத்துக்கு ஏத்த காசு. இசக்கிக்கு ஒரு பங்கு, பேச்சிக்கு ரெண்டு, மாடத்திக்கு மூணு"ன்னு சொல்லி, பலகையில இருந்த ஊசியைப் பிடுங்கி மாடத்தி கையில குடுத்தாரு. அவ சிரிச்சுட்டா, அழுதுக்கிட்டே.

"எனக்கு எப்போ மூணு பங்கு?"ன்னா இசக்கி.

"என்னைக்கு உன் போர்வையில நான் எந்திரிக்காமக் கெடக்கேனோ, அன்னைக்கு."

"வாயைக் கழுவுங்க"ன்னா கோமு.

கதை அவ்வளவுதான். நீ போத்தியிருக்கியே, இது நான் தச்சது. ரெண்டு பங்கு தேறும்னு நெனச்சிருந்தேன். ஏலே, ம் கொட்டு.

கொட்டலியா? அப்போ மூணு பங்கு. தூங்கு.